அதிகாலை மூன்று மணிக்குக் கத்தும் ஐஸ்பெட்டி

கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் வேனை ஓரங்கட்டிப் படுத்தோம். விடியற்காலை மூன்று மணிக்குக் காலடியில் இருந்த ஐஸ்பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. "பேட்டரி காலி மச்சான்" என்றான் மச்சினன், போர்வையை விலக்காமலே. பெட்டியின் திரையில் 11.7 வோல்ட். எழுந்துபோய் பேட்டரியின் முனையிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 12.3. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

நான் சோதித்துப் பார்ப்பது 12 வோல்ட்டில் ஓடும் 35 லிட்டர் கம்ப்ரசர் பெட்டி. பழைய வேன்களில் இருக்கும் கேஸ் பெட்டி வேறு ஜாதி. 1922இல் ஸ்வீடனின் பிளாட்டனும் முன்டெர்ஸும் மாணவர்களாக இருந்தபோதே வடிவமைத்த முறை அது. சூட்டைக் கொண்டே குளிர வைக்கும். கேஸில் ஓடினால் சமர்த்து, பேட்டரியில் போட்டால் சூட்டுக் கம்பியே 100 வாட்டுக்கு மேல் குடித்துவிடும். வண்டி சரிந்து நின்றாலும் அதற்கு ஆகாது. கேமரன் மலையில் சமதரையைத் தேடிப் பாருங்கள்!

கம்ப்ரசர் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓடும்போது 45 வாட், அதாவது ஏறக்குறைய 4 ஆம்ப். கிள்ளானில் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும்போது பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 48 ஆம்ப்-மணி போய்விடும். என்னுடையது 100 ஆம்ப்-மணி ஏஜிஎம் பேட்டரி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், கையில் இருப்பது 50தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் இருக்கும் தானா ராத்தாவோ கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். இரவில் 16 டிகிரிக்கு இறங்கும் குளிரில் பெட்டி எப்போதாவதுதான் முனகும். கீழே ஒரு நாள் தாங்குவது மேலே இரண்டு நாள் தாராளமாகத் தாங்க வேண்டும்.

அப்புறம் ஏன் கத்தியது? பெட்டியோடு வந்த சிகரெட் லைட்டர் வயர்தான் காரணம். நாலு மீட்டர் நீளம், நூல் மாதிரி மெல்லிசு. 4 ஆம்ப் அதில் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடுகிறது. பெட்டிக்குத் தெரிவது தன் வாசலுக்கு வந்துசேரும் வோல்ட் மட்டுமே. பாதுகாப்பு அளவை 'உயர்'வில் வைத்திருந்தேன், அது 11.8க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். நின்றதும் வோல்ட் ஏறும், மறுபடி ஓடும், மறுபடி கத்தும். 'தாழ்'வில் வைத்தால் சத்தம் நிற்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். செய்யாதீர்கள். பேட்டரி நிஜமாகவே தீரும் நாளில் பெட்டி நேரத்தில் வாய் திறக்காது.

இன்னொரு தப்பு எங்களுடையது. குளிருக்கு அடுக்கிய போர்வைகளில் ஒன்று சரிந்து கம்ப்ரசரின் காற்றுத்துளையை அடைத்திருந்தது. கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி சூடு.

காலையில் பசியாறிவிட்டு, தானா ராத்தா ஹார்ட்வேர் கடையில் 6 சதுர மில்லிமீட்டர் வயரும் 15 ஆம்ப் ஃபியூஸும் வாங்கி, பேட்டரியிலிருந்து நேராக இழுத்தோம். ஃபியூஸ் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். மச்சினன் முதலில் பெட்டிப் பக்கம் மாட்டினான். இப்போது மீட்டருக்கும் திரைக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்தான்.

கூரையில் 100 வாட் சோலார் பலகை இருக்கிறது. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவைப் பார்க்க நிறுத்திய இடத்தில் மதியமே மூடுபனி இறங்கி, அது ஒரு ஆம்ப் கொடுக்கவே திணறியது. பிறகு ரிங்லெட் அணையைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இந்த மலைத் தண்ணீர் 1960களிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது, நான் ஒரு ஆம்ப்புக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிறேன். உண்மையில் பேட்டரியை நிரப்பியது வேன் கம்போங் ராஜா போய்வந்த ஓட்டம்தான்.

பெட்டியில் எதை வைப்பது என்பதிலும் கொஞ்சம் கருமித்தனம் வேண்டும். சந்தையில் வாங்கிய கீரையும் சோளமும் இந்த ஊர்க் குளிரில் வெளியே கிடந்தாலே போதும். மசாலா தடவிய கோழியை வீட்டிலேயே உறைய வைத்துக் கொண்டுபோனால் அதுவே ஐஸ்கட்டி. பால் அதன் பக்கத்தில்.

பெட்டி வாங்கலாம், நல்ல பெட்டிதான். கூட வரும் வயரை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரே குறை, அந்தப் பீப் சத்தத்தை அணைக்க வழியே வைக்கவில்லை. இரண்டாம் இரவு அது கத்தவில்லை. மச்சினன் குறட்டை விட்டான்.