பதிவைப் படிக்கும் கருவி தீர்ப்பும் சொல்லலாமா?

"சேர், வைஃபை காட்டுது, ஆனா கனெக்ட் ஆகுதில்ல." கல்முனையில் ரியூசன் வகுப்பு நடத்துபவரும், பொத்துவிலில் விடுதி வைத்திருப்பவரும், பெரிய வளாகங்களின் கணினிப் பிரிவினரும் ஓயாமல் கேட்கும் முறைப்பாடு இது. முன்பெல்லாம் ரௌட்டரை அணைத்துப் போடுவதே இதற்கு மருந்து. இப்போது பெரிய நிறுவனங்களில் வேறொரு வழி வந்திருக்கிறது. வலையமைப்புச் சாதனம் எழுதிவைக்கும் லொக்கை ஒரு மென்பொருளிடம் கொடுத்தால், கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடுகிறது. இந்த வழக்கம் எவ்வளவு நல்லது, எங்கே தவறுகிறது என்பதை நிதானமாக எடைபோட வேண்டும்.

ஒரு கைபேசி வைஃபையில் இணைவது ஒரே செயல் அல்ல. முதலில் வைஃபை அலையைப் பரப்பும் அக்சஸ் பொயின்டைத் தேடுகிறது, பிறகு அதனோடு தொடர்பு பதிகிறது. அதன்பின் கடவுச்சொல்லோ பயனர் கணக்கோ சரிபார்க்கப்படுகிறது. நான்கு செய்திகளில் குறியாக்கச் சாவி உறுதிசெய்யப்படுகிறது. கடைசியாக டி.எச்.சி.பி. மூலம் ஐ.பி. முகவரி கிடைக்கிறது. இதில் ஒவ்வொரு படியையும், அக்சஸ் பொயின்ட்களை நிர்வகிக்கும் கொன்ட்ரோலர் நேரத்தோடு பதிகிறது. சிஸ்கோவின் பழைய கொன்ட்ரோலர்களில் ஒரு போனின் வலையமைப்பு அடையாளமான மெக் முகவரியைக் கொடுத்து டிபக் ஓடவிட்டால், சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டும். 'டி.எச்.சி.பி. ரிக்வயர்ட்' என்ற நிலையில் போன் நின்றுவிட்டால் முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். 'ரன்' என்ற நிலைக்கு வந்துவிட்டால் இணைப்பு முடிந்தது. இதைக் கண்ணால் வாசிக்கப் பயிற்சி வேண்டும், பொறுமையும் வேண்டும். சிஸ்கோவின் 'வயர்லெஸ் டிபக் அனலைசர்' அந்த வரிகளை ஒட்டியவுடன் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. இன்னும் ஒரு படி மேலே போனது மிஸ்ட் என்ற கம்பனி. அதை 2019இல் ஜூனிப்பர் 40.5 கோடி டொலருக்கு வாங்கியது. அதன் 'மார்விஸ்' உதவியாளரிடம் "இந்தப் போனுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் பதில் வருகிறது.

இதன் முதல் நன்மை நேரம். அதைவிடப் பெரிய நன்மை, ஒரு போனை மட்டும் பார்க்காமல் கூட்டத்தைப் பார்ப்பது. விரிவுரை மண்டபமொன்றில் 150 மாணவர்கள் இருக்கிறார்கள், ஆளுக்குப் போனும் மடிக்கணினியும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஒரு சிறிய சப்நெட்டில் 254 முகவரிகள்தான் உண்டு. காலை வகுப்புக்கு வந்தவர்கள் எடுத்த முகவரி 24 மணிநேரம் அவர்கள் பேரிலேயே இருந்தால், மதிய வகுப்புக்கு வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தனித்தனியாகப் பார்ப்பவர் ஒவ்வொரு போனையும் பழுது என்பார். கருவியோ, எல்லாப் போன்களும் ஒரே படியில், ஒரே சப்நெட்டில் நிற்பதை உடனே காட்டிவிடும். முகவரிக் கால அளவைக் குறைத்தால் அரைவாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலுமாகப் பிரிந்திருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனத்துக்கு, தொலைவிலிருந்தே இப்படிப் பார்க்க முடிவது சின்ன விடயமல்ல.

குறைகளுக்கு வருவோம். முதற்குறைதான் அடிப்படையானது. கொன்ட்ரோலரின் லொக் ஒரு தரப்புச் சாட்சி. அது தான் அனுப்பியதையும் தனக்கு வந்ததையும் மட்டுமே அறியும். போன் ஏன் மௌனமாக இருந்தது என்பது அதற்குத் தெரியாது. நான்கு செய்திச் சாவிப் பரிமாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்சஸ் பொயின்ட் முதற்செய்தியை அனுப்புகிறது, பதில் இல்லை, திரும்ப அனுப்புகிறது, கடைசியில் போனை வெளியேற்றுகிறது. இதைக் கண்ட கருவி "கடவுச்சொல் பிழையாக இருக்கலாம்" என்று எழுதக்கூடும். ஆனால் கடவுச்சொல் பிழையென்றால் போன் பொதுவாக இரண்டாம் செய்தியை அனுப்பவே செய்யும். அதிலுள்ள சரிபார்ப்புக் குறிதான் பொருந்தாது. பதிலே வராத இடத்தில் சிக்னல் பலவீனம், போனின் மென்பொருள், தடித்த சுவர் என்று வேறு காரணங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாடு லொக்கிலேயே இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் வாசிப்பவர் மாணவனிடம் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, உண்மை வேறொரு லொக்கில் கிடக்கும். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பே, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வைஃபை சேவையான எடுரோமையும் இங்கு நடத்துகிறது. எடுரோம் உள்ள வளாகத்துக்கு வேறொரு பல்கலைக்கழக மாணவர் வந்தால், அவருடைய கணக்கைச் சரிபார்ப்பது அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்வர். வந்த இடத்துக் கொன்ட்ரோலரில் 'நிராகரிப்பு' என்ற ஒற்றை வரிதான் விழும். 2020இன் இறுதியில் அன்ட்ரொய்ட் 11இல், கூகுளின் பிக்சல் போன்களிலிருந்து தொடங்கி, சேர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காமல் விடும் தெரிவு நீக்கப்பட்டது. அமைப்பைச் சரியாகச் செய்யாத போன்கள் புதிதாக இணைய மறுத்தன. கொன்ட்ரோலர் லொக்கில் அது வெறும் நேரமுடிவாகவே தெரியக்கூடும். சான்றிதழை ஏற்கவில்லை என்ற குறிப்பு, கணக்கைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேர்வரில் இருக்கும். இரண்டு லொக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மணிக்கூடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று உலகப் பொது நேரத்திலும் மற்றது இலங்கை நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணிநேரம் இடிக்கும். இதைச் சரிசெய்யாமல் எந்தக் கருவியை வாங்கினாலும் பயன் குறைவு.

மூன்றாவது, போன்கள் முகம் மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. அன்ட்ரொய்ட் 10 முதலும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும், வலையமைப்புக்கு வலையமைப்பு வேறு வேறு மெக் முகவரியைப் போன் காட்டுகிறது. வலையமைப்பை மறக்கச் சொல்லிவிட்டு மீண்டும் சேர்த்தால் அதுவும் மாறக்கூடும். மாணவர் போன் பெட்டியில் அச்சிட்ட முகவரியைப் பார்த்துச் சொன்னால் கருவி ஒன்றையும் காணாது. அது இல்லாத போனைத் தேடிக்கொண்டிருக்கும்.

நான்காவது, நம் கரையோரத்துக்கே உரியது. உப்புக்காற்றில் வெளிச்சுவரில் மாட்டிய அக்சஸ் பொயின்டின் வயர் முனை பச்சை பிடிக்கிறது. மாரி மழையில் ஈரம் இறங்குகிறது. அக்சஸ் பொயின்ட் விட்டு விட்டுத் துண்டிக்கப்படும்போது லொக்கில் விழுவது, போன்கள் ஓரிடம் விட்டு இன்னோரிடம் தாவிய கதைதான். கருவி அதை ரோமிங் கோளாறு என்று வகைப்படுத்தலாம். ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறவருக்குத்தான் அந்தப் பச்சை தெரியும். மின்வெட்டும் இப்படிக் குழப்பும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் வந்தவுடன் எல்லாச் சாதனமும் ஒன்றாக எழும்பினால், பிழை வரிகள் குவிவது இயல்பே. அவற்றைக் கோளாறாக எண்ணுவது காலவிரயம்.

இன்னொன்று சட்டம் சார்ந்தது. லொக்கில் பயனர் பெயரும் முகவரியும் யார் எப்போது எங்கே இருந்தார் என்பதும் இருக்கின்றன. அவை வெளிநாட்டுக் கம்பனியின் இணையப் பக்கத்தில் ஒட்டப்படுகின்றன. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகும் இதை யோசிக்காமல் செய்வது பொறுப்பில்லாத செயல். பெயரையும் முகவரியையும் மாற்றீடு செய்துவிட்டு ஒட்டச் சில நிமிடமே போதும்.

கடைசியாக, இந்தக் கருவிகள் கொன்ட்ரோலர் வைத்திருப்போருக்கானவை. மருதமுனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் இருப்பது இணையக் கம்பனி தந்த ஒற்றை ரௌட்டர். பல ரௌட்டர்களில் லொக் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், அணைத்தால் அழிந்துவிடும். அணைத்துப் போடும் பழக்கம் இருக்கும்வரை அங்கே சாட்சியே மிஞ்சுவதில்லை.

ஆகவே என் முடிவு இது: கருவி வேண்டும், ஆனால் முதல் வாசிப்புக்கு மட்டும். எந்தப் படியில் போன் நின்றது என்று அது சொல்வதை நம்பலாம். ஏன் நின்றது என்று அது சொல்வதைச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது. நிறுவனங்கள் பணத்தைக் கருவியில் போடுமுன் எல்லாச் சாதனங்களின் நேரத்தையும் ஒன்றாக்கட்டும், ரேடியஸ் லொக்கையும் சேர்த்துச் சேமிக்கட்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுருக்கத்தைக் காட்டுமுன் மூல லொக்கை வரிவரியாக வாசிக்கப் பழக்குங்கள். அந்தப் பழக்கம் இல்லாதவருக்குக் கருவி பிழை சொன்னாலும் பிழையென்று தெரியாது.