ரோம்மலின் பாராட்டும் ஒரு டாங்கி ரெஜிமெண்ட்டும்

இரண்டாம் உலகப்போர் பற்றி இணையத்தில் கொஞ்ச நேரம் மேய்ந்திருந்தால்கூட இந்த ஜோக் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்: இத்தாலிய டாங்கிக்கு முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு கியர். இதை மறுக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கையில் எடுக்கிற புத்தகம் 'தி ரோம்மல் பேப்பர்ஸ்'. லிடல் ஹார்ட் தொகுத்து 1953-ல் வந்தது. அதில் ரோம்மல், அரியேத்தே டிவிஷன் அழிந்ததைப் பற்றி மனமுருகி எழுதியிருக்கிறார். "பார், ரோம்மலே சொல்லிவிட்டார்!" என்று விவாதம் அங்கே முடிந்துவிடும்.

எனக்கு அங்கேதான் விவாதம் ஆரம்பிக்கிறது. அந்தப் பாராட்டு நல்ல மனதோடு எழுதப்பட்டதுதான், சந்தேகமில்லை. ஆனால் வரலாற்று ஆவணமாகப் பார்த்தால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

அரியேத்தேயின் முதுகெலும்பு 132-வது டாங்கி ரெஜிமெண்ட். அதன் வண்டி எம்13/40. எடை 14 டன், 47 மி.மீ. பீரங்கி, 125 குதிரைத்திறன் டீசல் இஞ்சின். தகடுகளை வெல்டிங் செய்யாமல் ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள். குண்டு பட்டால் ரிவெட்டே உள்ளே தெறித்து ஆளைக் காயப்படுத்தும். ஆரம்பத்தில் பல வண்டிகளில் ரேடியோவும் கிடையாது. கொடியை ஆட்டித்தான் சைகை.

இந்த வண்டிகளோடுதான் 1941 நவம்பர் 19-ம் தேதி லிபியாவில் பிர் எல் குபி என்ற இடத்தில் பிரிட்டனின் 22-வது கவசப் பிரிகேடை எதிர்கொண்டார்கள். வந்தவை க்ரூசேடர் டாங்கிகள், 340 குதிரைத்திறன். ஆனால் ஓட்டி வந்தவர்கள் அனுபவம் குறைந்தவர்கள். பீரங்கித் துணை போதாமல் நேராகப் பாய்ந்தார்கள். இத்தாலியர்களோ டாங்கி எதிர்ப்பு பீரங்கிகளைப் பதுக்கி வைத்துவிட்டு, சமயம் பார்த்து டாங்கிகளைப் பக்கவாட்டில் இறக்கினார்கள். 30-க்கு மேற்பட்ட டாங்கிகளை இழந்தார்கள், ஆனாலும் இடத்தை விடவில்லை. எதிரியின் இழப்பு எவ்வளவு என்பதில் இரு தரப்புக் கணக்கும் ஒத்துவராது. அன்று பின்வாங்கியது யார் என்பதில் மட்டும் குழப்பமில்லை.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். இந்த 1941 குளிர்காலப் போர் பற்றிய அத்தியாயம் ரோம்மல் எழுதியதே இல்லை. அவர் எழுதாமல் விட்ட பகுதியை, அவரோடு பணியாற்றிய பயர்லைன் போருக்குப் பிறகு எழுதிச் சேர்த்தது. ஆக, இந்த ரெஜிமெண்ட் ஜெயித்த நாளைப் பற்றி ரோம்மலின் சொந்தக் குரல் நமக்குக் கிடைப்பதில்லை. அது அழிந்த நாளைப் பற்றித்தான் கிடைக்கிறது. அதனால்தான் வாசகர் மனதில் நிற்பது, திறமையான ஒரு படையின் சித்திரம் அல்ல. பாவம், வீரமாகச் செத்தார்கள் என்கிற சித்திரம். ஜோக்கும் அனுதாபமும் ஒரே இடத்துக்குத்தான் நம்மைக் கூட்டிப்போகின்றன.

நடுவில் 1942 மே 27 இருக்கிறது. அன்று காலை இதே அரியேத்தே, பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே 3-வது இந்திய மோட்டார் பிரிகேடை நசுக்கிக்கொண்டு போனது. பிடிபட்டவர்களில் வால்டர் கோவன் என்ற 70 வயது பிரிட்டிஷ் அட்மிரலும் ஒருவர். (பாலைவனத்தில் அட்மிரலுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) அதே நாளில் பிர் ஹக்கீமில் சுதந்திர பிரெஞ்சுப் படையின் கண்ணிவெடிகளுக்குள், காலாட்படைத் துணையில்லாமல் புகுந்து, சுமார் 30 டாங்கிகளை இழந்தார்கள்.

கடைசியாக எல் அலமெய்ன். 1942 நவம்பர் 3-ம் தேதி, பின்வாங்கக் கூடாது என்று ஹிட்லரின் உத்தரவு வருகிறது. ரோம்மல் பின்வாங்கலை நிறுத்துகிறார். மறுநாள் மாலை மீண்டும் பின்வாங்கச் சொல்வதற்குள் அரியேத்தே சுற்றி வளைக்கப்பட்டுவிட்டது. வளைத்தது யார் தெரியுமா? அதே 22-வது கவசப் பிரிகேட். ஒரு வருஷத்துக்குள் அவர்களிடம் 75 மி.மீ. பீரங்கி கொண்ட கிராண்ட் டாங்கிகள் வந்திருந்தன. 132-வது ரெஜிமெண்ட்டின் டாங்கியில் அதே 47 மி.மீ. தான்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடுதான் முழுக் கதையும். தோற்ற பிரிகேட் என்ன தவறு என்று பார்த்து வண்டியையும் மாற்றிக்கொண்டது, முறையையும் மாற்றிக்கொண்டது. ஜெயித்த ரெஜிமெண்ட்டுக்கு ரோமிலிருந்து அதைவிடப் பெரிய பீரங்கி கொண்ட டாங்கி வரவில்லை. டாங்கி தயாரிப்பு முழுக்க ஃபியட்-அன்சால்டோ கூட்டின் கையில். போட்டியே இல்லாதபோது யாருக்கு அவசரம்?

ரோம்மல் தன் பாராட்டிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: அந்த மட்டமான ஆயுதங்களைக் கொண்டு முடிகிறதைவிட அதிகமாகவே அவர்களிடம் கேட்டு வந்தோம் என்று. பெரும்பாலானவர்கள் இதைப் புகழுரையாகப் படிக்கிறார்கள். எனக்கு இது வாக்குமூலமாகத் தெரிகிறது. கேட்டது யார்? துணையில்லாமல் பிர் ஹக்கீமில் இறங்கிய படை யாருடைய திட்டத்தின் கீழ் இருந்தது? அந்த ஒரு நாள் நின்றது யார் சொல்லி? பழியை ஹிட்லரின் உத்தரவு மேல் போடுவது நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். மென்பொருள் வேலையில் சர்வர் விழுந்தபின் ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் "சர்வர் கடைசிவரை தாக்குப்பிடித்தது, அதற்கு வணக்கம்" என்று முடித்தால் எந்த மேனேஜரும் ஒத்துக்க மாட்டார். அந்த லோடை அதன் தலையில் ஏற்றியது யார் என்றுதான் கேட்பார்.

புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தளபதியின் மனதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் நூல்கள் குறைவு. ஆனால் 132-வது ரெஜிமெண்ட்டைத் தெரிந்துகொள்ள அது மட்டும் போதாது. அந்த ரெஜிமெண்ட் இன்றும் வடகிழக்கு இத்தாலியில் கோர்தெனோன்ஸ் ஊரில் இருக்கிறது, அரியேத்தே பிரிகேடின் பகுதியாக. அவர்களைப் பற்றிப் பேசும்போது நவம்பர் 4-ஐ மட்டுமல்ல, முந்தைய வருஷத்து நவம்பர் 19-ஐயும் சேர்த்துப் பேசுங்கள். செத்த விதத்தை மட்டும் வைத்து ஒரு படையை மதிப்பிடுவது, கேலியைவிடக் கொஞ்சம்தான் மேல்.