ஓரியின் கொடையும் கூத்தர் கலையும்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்களிற் பாடியுள்ளார். முன்னதில் விறலியை விளித்து, உடன்வந்தோரை முழவும் யாழும் அமைக்கப் பணிக்கின்றார். பின்னதில், மணிக்குவளைக் கண்ணியும் அணிகலனும் யானைகளும் பெற்ற கூத்தர் சுற்றம் ஆடலையும் பாடலையும் மறந்தது என்கின்றார். பசி நீங்கியதே காரணமோ என்றும் வினவுகின்றார்.

இது கொடைச் சிறப்புரைத்ததாகவே கொள்ளப்படும். ஆயின், பசியே கலையின் தூண்டுகோல் என்னும் கருத்தும் இதனுள் அடங்கியுள்ளது. அதனைக் கலைஞர்தம் இயல்பெனக் கொள்ளலாமோ என்பது ஆராயத்தக்கது.

அண்மைக் காலத்து மனோரமாவின் (1937-2015) வாழ்வை இதனோடு ஒப்புநோக்கலாம். மன்னார்குடியிற் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த அவரை இளமையில் நாடக மேடைக்குக் கொணர்ந்தது வறுமையே. 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வழியாகத் தமிழ்த் திரைக்கு வந்தார். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடக நடிகையாகவே தோன்றினார். பின்னர்த் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பொருளும் புகழும் எய்தி நெடுங்காலம் ஆகியும் அவர் நடிப்பை விட்டாரல்லர்.

வன்பரணர் கூத்தருள் ஒருவராய் நின்றே பேசுகின்றார் எனலாம். எனினும், அக்குரல் புரவலனைப் புகழும் பாடாண் மரபிற்கு உரியது. ஆகவே, அக்கூற்று ஓரியின் வண்மைக்குச் சான்றாகுமேயன்றி ஆடுநர் உள்ளத்திற்குச் சான்றாகாது. ஓரியின் பெயர் நிலைபெற்ற அப்பாடல்களில் விறலியின் பெயர் இல்லை. பாடாண் பாடல்களைக் கலைவரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.