பதிமூணு வயசுக் குரலின் பூர்வீகம்: லீஆன் ரைம்ஸின் ‘ப்ளூ’வை முன்வைத்து

லீஆன் ரைம்ஸின் ‘ப்ளூ’ இசைத்தொகுப்பு 1996 ஜூலையில் வெளிவந்தபோது அந்தப் பொண்ணுக்கு வயசு பதிமூணு. ஆகஸ்ட் கடைசியில்தான் பதினாலு. அமெரிக்கக் கன்ட்ரி தொகுப்புகளின் பட்டியலில் முதலிடம். எல்லா வகை இசையும் கலந்த பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரைக்கும் ஏறியது. 1997 பிப்ரவரியில் இரண்டு கிராமி விருதுகள். அதில் ஒன்று ‘சிறந்த புதிய கலைஞர்’ விருது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

கொண்டாடியதில் எனக்குச் சண்டை இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அது கேட்கவேண்டிய குரல்தான். என்ன சொல்லிக் கொண்டாடினார்கள் என்பதில்தான் சண்டை.

பேட்ஸி க்ளைன் மறுபடி பிறந்துவிட்டார் என்கிற மாதிரிப் பேசினார்கள். பேட்ஸி க்ளைன் 1963-இல் விமான விபத்தில் இறந்துபோன பெரிய கன்ட்ரி பாடகி, வெள்ளைக்காரர். டெக்சஸ் வானொலி அறிவிப்பாளர் பில் மேக் ‘ப்ளூ’ பாட்டை அவருக்காகவே எழுதி வைத்திருந்தார், அவர் செத்துப்போனதால் அது முப்பது வருசத்துக்கும் மேலே இந்தக் குழந்தைக்காகக் காத்துக்கிடந்தது என்று ஒரு கதையும் சேர்ந்து ஓடியது. பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்? ஆனால் பில் மேக் 1958-லேயே அந்தப் பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்திருந்தார். பின்னால் வேறு சிலரும் பாடியிருக்கிறார்கள். பாட்டு எங்கேயும் காத்துக்கிடக்கவில்லை. ரைம்ஸே சின்ன வயசில், பெரிய கம்பெனிக்கு வருவதற்கு முன்பு, சிறிய வெளியீடுகளில் பாடிக்கொண்டிருந்தவர்தான். ‘முதல் தொகுப்பு’ என்பதே கம்பெனிக்காரன் போட்ட கணக்கு.

இந்த மறுபிறவிப் பேச்சு நமக்குப் புதுசா என்ன? சபாவில் ஒரு சின்னப் பிள்ளை நன்றாகப் பாடிவிட்டால் ‘பூர்வஜென்ம வாசனை’ என்பார்கள். அந்த வாசனை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று நாம் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். குழந்தைமேதை என்கிற சொல்லாடல் வரலாற்றைத் துடைத்துப்போட்டுவிடும். வரம் என்று சொல்லிவிட்டால் கொடுத்தவன் கடவுள். மனுசங்க யாருக்கும் பாக்கி இல்லை.

பாட்டுக்கு வருவோம். அந்தப் பாட்டின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. ‘ப்ளூ’ என்கிற ஒற்றைச் சொல்லை நெஞ்சிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டே போய், நடுவில் சட்டென்று குரலை உடைத்து, கீச்சுக்குரலுக்குத் தாவி, மறுபடி கீழே வந்து விழுகிறார். இந்தத் தாவலுக்கு யோடல் என்று பேர். நெஞ்சுக்குரலுக்கும் தலைக்குரலுக்கும் நடுவே ஒரு கணு இருக்கிறது. பயிற்சி பெற்ற பாடகர்கள் அந்தக் கணு தெரியாதபடி பூசி மெழுகுவார்கள். யோடல் அதைப் பூசாமல் அப்படியே வெளியே காட்டுகிறது. அழுகிறவளுக்குத் தொண்டை உடைகிற இடமும் அதேதான். பதிமூணு வயசில் அதைப் பிசிறில்லாமல் செய்திருக்கிறார். 1996-இல் கேட்டவர்கள் அசந்துபோனது இந்த இடத்தில்தான்.

இந்த உடைசல் எங்கிருந்து வந்தது? ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்களிடமிருந்து என்பார்கள். பாதி உண்மை. அங்கிருந்து வந்த பாட்டுக் குழுக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடியிருக்கின்றன. மீதிப் பாதியைச் சொல்ல மாட்டார்கள். பருத்திக்காட்டிலும் ரயில்பாதையிலும் வேலை செய்த கறுப்பு மக்கள் தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கட்டும் என்று குரலை உடைத்துக் கூவியவர்கள். சார்லஸ் ஆண்டர்சன் என்கிற கறுப்பு மேடைக்கலைஞர் 1920-களின் முற்பாதியிலேயே யோடல் பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்திருக்கிறார். அதற்கப்புறம்தான் 1927-இல் ஜிம்மி ராட்ஜர்ஸ் தன் முதல் ‘ப்ளூ யோடல்’ பாட்டைப் பதிவு செய்கிறார். ‘கன்ட்ரி இசையின் தந்தை’ என்று போற்றப்படுகிறவர். மிசிசிப்பி மாநிலத்துக்காரர், ரைம்ஸ் பிறந்ததும் அதே மாநிலத்தில்தான். ரயில்பாதை போட்ட கறுப்புத் தொழிலாளர்களுக்குத் தண்ணி தூக்கிக் கொடுத்த காலத்தில் அவர்களிடம் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் என்று அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்களே சொல்கிறார்கள். மருந்து விற்கிற கூத்துமேடைகளில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பராக வேஷம் கட்டியவரும்கூட. எம்மெட் மில்லர் என்று இன்னொரு கரிவேஷக்காரர். குரலை உடைத்துப் பாடுவதே அவருடைய தனிச்சரக்கு. அவர் 1920-களில் பதிந்த ‘லவ்சிக் ப்ளூஸ்’ பாட்டைத்தான் 1949-இல் ஹாங்க் வில்லியம்ஸ் பாடிப் பெரும்புகழ் பெற்றார். கிட்டார் வாசிக்க ஹாங்குக்குக் கத்துக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்கிற கறுப்புத் தெருப்பாடகர்.

கரி பூசிக்கொண்டு பாடலாம், கரியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கழுவினாலும் போகாத தோலோடு பிறந்தவன் பாடினால் மட்டும் அது வேறே கணக்கில் போய்விடும். எப்படி? 1930-இல் ராட்ஜர்ஸ் பாடிய ஒன்பதாவது ‘ப்ளூ யோடலு’க்கு ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். இசைத்தட்டின் மேலே ஒட்டிய தாளில் அவர்கள் பெயர் இல்லை.

இந்தக் கணக்கை எழுதியவர்களுக்கும் பெயர் உண்டு. ரால்ஃப் பியர் என்கிற பதிவுக்காரர் ஓகே கம்பெனியில் வேலை பார்த்தவர். 1920-இல் அந்தக் கம்பெனி வெளியிட்ட மேமி ஸ்மித்தின் பாட்டு கறுப்பு மக்களிடம் அமோகமாக விற்றது. உடனே கறுப்பர்களுக்கென்று தனிப் பட்டியல், ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. 1923-இல் அட்லாண்டாவில் ஜான் கார்சன் என்கிற வெள்ளைக்காரப் பிடில் வித்துவானைப் பியர் பதிவு செய்தார். அதுவும் விற்றது. கிராமத்து வெள்ளைக்காரர்களுக்கென்று இன்னொரு பட்டியல், ‘ஹில்பில்லி’. தெற்கு மாநிலங்களில் ஒரே ஊரில், ஒரே பிடில், ஒரே பாஞ்சோ. அந்தப் பாஞ்சோவும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆப்பிரிக்க வாத்தியங்களின் நினைவில் செய்துகொண்டது. பாட்டையும் ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் எடுத்துப் பாடியவர்கள்தான். கம்பெனி நடுவே கோடு போட்டு ஊர், சேரி என்று பிரித்துவிட்டது. 1949-இல் பில்போர்டு பத்திரிகை ‘ரேஸ்’ என்ற பட்டியலை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது; வெள்ளைக்காரர் பக்கத்துப் பட்டியல் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆனது. பெயர் நாகரிகமாகிவிட்டது. கோடு அதே இடத்தில் கிடந்தது. பெயரை மாற்றி நம்மைக் கௌரவித்தவர்களின் கதை நமக்கும் தெரியும்.

அந்தக் கோட்டில் மாட்டியவர் டிஃபோர்ட் பெய்லி. மவுத் ஆர்கன் கலைஞர். நாஷ்வில் வானொலியின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சிதான் கன்ட்ரி இசைக்குக் கோயில் மாதிரி. 1927-இல் அதற்கு அந்தப் பெயர் வாய்த்ததே பெய்லி வாசித்த ஓர் இரவில்தான். மவுத் ஆர்கனில் ரயிலை ஓட்டிக் காட்டுவார். ஆனால் சுற்றுப்பயணம் போனால் கூட வாசிக்கிற வெள்ளைக்காரர்களோடு ஓட்டலில் சாப்பிட முடியாது, தங்க முடியாது. 1941-இல் வெளியே அனுப்பினார்கள். நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே பிறகு எழுதிய புத்தகத்தில், அவர் இனத்தார் சிலரைப் போல அவரும் சோம்பேறி, புதுசாகப் பாட்டுக் கத்துக்கவில்லை என்ற பொருளில் எழுதினார். உழைக்கிறவனைச் சோம்பேறி என்று சொல்ல எங்கேயும் ஒரு நாக்கு தயாராகத்தான் இருக்கிறது. பெய்லி நாஷ்விலிலேயே ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற கடை வைத்துப் பிழைத்தார். 1982 ஜூலையில் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது 2005-இல்.

1982 ஆகஸ்டில் ரைம்ஸ் பிறக்கிறார். மறுபிறவி ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்கவில்லை. எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அவர்கள் கணக்குப்படியே பார்த்தால்கூட, இருபது வருசத்துக்கு முன்னால் செத்த பேட்ஸி க்ளைன் ஞாபகத்துக்கு வருகிறார், இரண்டு மாசத்துக்கு முன்னால் செத்த பெய்லி வரவில்லை.

தொகுப்பில் ‘கேட்டில் கால்’ என்று ஒரு பாட்டு. எடி ஆர்னால்ட் என்கிற மூத்த பாடகரோடு சேர்ந்து பாடியது. அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயசு. மாடு ஓட்டுகிறவனின் பாட்டு, முழுக்க முழுக்க யோடல். என் காதுக்குத் தொகுப்பின் தலைப்புப் பாட்டைவிட இது உசத்தி. கிழவரின் தளர்ந்த குரலும் சிறுமியின் தெறிக்கிற குரலும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நடக்கின்றன. ஆனால் மாடு ஓட்டுகிறவன் என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரன்தானே நம் கண்ணிலும் வருகிறான்? சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. டெக்சஸிலிருந்து மந்தை ஓட்டியவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று மதிப்பிடுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. மாட்டோடு வாழ்ந்து, மாட்டைப் பற்றிய பாட்டில் மட்டும் இல்லாமல் போவது எப்படி என்று நம்ம ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்ற பாட்டுகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ‘ஒன் வே டிக்கெட்’ துள்ளலான பாட்டு, கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘மை பேபி’, ‘குட் லுக்கிங் மேன்’ போன்றவை வயசுக்கு வந்த பொம்பளையின் ஆசைப்பாட்டுகள். பதிமூணு வயசுப் பிள்ளையின் வாயில் அவற்றைப் போட்டுவிட்டு ‘என்ன முதிர்ச்சி!’ என்று மெச்சியது எனக்கு ஒப்பவில்லை. குழந்தைக்கு முதிர்ச்சி தேவையாக இருந்தது யாருக்கு? தயாரித்தவர் தகப்பன் வில்பர் ரைம்ஸ். கர்ப் ரெக்கார்ட்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. 2000-இல் ரைம்ஸ், பணத்தை எடுத்துக்கொண்டதாகத் தகப்பன்மீது வழக்குப் போட்டார். அந்தக் குழந்தைப்பருவ ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கோரிக் கம்பெனிமீதும் வழக்குப் போட்டார். இரண்டும் பின்னால் சமரசத்தில் முடிந்தன. ஆக, இந்தக் கதையில் அந்தப் பொண்ணு திருடி அல்ல. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவரும் உழைப்பாளிதான், அவருடைய குரலையும் வேறு யாரோதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வழக்குப் போட ஒரு பேரும், திரும்பப் பாட ஒரு மேடையும் அவருக்கு இருந்தன.

லிண்டா மார்ட்டெலுக்கு அது இல்லை. 1969-இல் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்புப் பெண். 1970-இல் அவருடைய முதல் தொகுப்பு ‘கலர் மீ கன்ட்ரி’ வந்தது. வெளியிட்ட கம்பெனியின் பெயர் ‘பிளான்டேஷன்’, அதாவது தோட்டம். அடிமைகள் செத்து உரமான அதே தோட்டம். கறுப்புப் பொம்பளையின் பாட்டை அந்தப் பெயர் ஒட்டி விற்றவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. கம்பெனியின் கவனம் சீக்கிரமே வெள்ளைப் பாடகி ஒருவர் பக்கம் போய்விட்டது. மார்ட்டெலுக்கு அதுதான் முதல் தொகுப்பு, அதுதான் கடைசித் தொகுப்பு. பிறகு தெற்கு கரோலினாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியிருக்கிறார். 2024-இல் பியான்சே தன் ‘கவ்பாய் கார்ட்டர்’ தொகுப்பில் அவரைக் கூட்டிவந்து பேசவைத்தார். அப்போது மார்ட்டெலுக்கு எண்பத்திரண்டு வயசு. 2025-இல் அந்தத் தொகுப்புக்குச் சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கான கிராமி கிடைத்தது. இவரெல்லாம் கன்ட்ரியா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள்.

‘கலர் மீ கன்ட்ரி’யில் ‘பேட் கேஸ் ஆஃப் தி ப்ளூஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதில் மார்ட்டெல் யோடல் பாடுகிறார். ரைம்ஸின் ‘ப்ளூ’வைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போட்டுக் கேளுங்கள். குரல் அதே கணுவில்தான் உடைகிறது. மார்ட்டெல் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சிரித்த மாதிரி, கீழே இறங்க அவசரமே இல்லாமல் பாடுகிறார்.