உப்புக்குச் சப்பாணி: உப்பு எங்கிருந்து வந்தது?

மரக்காணம் உப்பளத்தில் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "ஆட்டத்துக்கு ஆவாத பையன உப்புக்குச் சப்பாணின்றாங்களே, உப்பு என்னா தப்பு பண்ணுச்சு?" பக்கத்தில் இருந்தவர் பதில் வைத்திருந்தார். பாத்தியில் நின்று நின்று உப்பு அரித்துக் கால் வீணாகி, உட்கார்ந்துவிட்ட ஆளைச் சொன்ன சொல்லாம் அது.

கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் வந்த வழி வேறு. மூலம் 'ஒப்புக்குச் சப்பாணி'. ஒப்புக்கு என்றால் பேருக்கு. சின்னப் பையன் அழுகிறானே என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்; அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 'ஒப்புக்குச் சிரிச்சான்', 'ஒப்புக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டான்' என்கிறோம். 'உப்புக்குச் சிரிச்சான்' என்று யாரும் சொல்வதில்லை. சப்பாணிக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும்தான் ஒப்பு உப்பாகிறது. 'கொடு' பேச்சில் 'குடு' ஆவதுபோலத்தான் இதுவும் என்று சொல்லலாம். வெறும் ஒலி மாற்றம் என்றால் சிரிச்சவனுக்கும் அது நடந்திருக்க வேண்டுமே? 'உப்புப் பெறாத விஷயம்' என்று உப்பை மட்டமாக வைக்கும் வழக்கு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. வசைச்சொல்லில் உப்பு ஒட்டிக்கொள்ள அதுவே வழிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உப்பு வாருகிறவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

ஆனால் எனக்கு உறுத்துவது பின்பாதி. உப்பா ஒப்பா என்று மல்லுக்கட்டுகிறவர்கள் (நானும்தான்) சப்பாணியைத் தொடுவதே இல்லை. பிள்ளைத்தமிழில் சப்பாணி நான்காவது பருவம். குழந்தை இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பாணி என்றால் கை. மதுரை மீனாட்சியையே சப்பாணி கொட்டச் சொல்லிக் குமரகுருபரர் பாடியிருக்கிறார். நடக்க முடியாதவரைக் குறிக்கும் சப்பாணியும் எழுத்தில் அதேதான், காதில் விழும் விதம்தான் வேறு. '16 வயதினிலே' (1977) படத்தில் கமல் நடித்த பாத்திரத்துக்குக் கோபாலகிருஷ்ணன் என்று பெயர். ஊரே சப்பாணி என்கிறது. அப்படிக் கூப்பிடுகிறவனை அறையச் சொல்லி மயில் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

உப்பளத்துக்காரர் சொன்ன சொற்பிறப்பு தப்பு. பெரியவரிடம் ஒப்பு, உப்பு என்று நான் விளக்கியபோது அவரும் தலையாட்டினார், ஒப்புக்கு. ஆனால் எங்கள் மூன்று பேரில் அவர் ஒருத்தர்தான் அந்தச் சொல்லுக்குள்ளே கால் போன ஒரு மனுசன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.