அறுபத்து நான்கு போர்ட்டை அளப்பது எப்படி?

பள்ளிவாசல், மூணாறு ஊர்களின் பக்கத்துத் தேயிலை மலைகளில் ஒரு மேட்டைத் தாண்டினாலே செல்போன் சிக்னல் அறுந்துவிடும். அங்கே ஒரு டவரின் ஆன்டெனா பழுதானால் அடுத்த டவர் கைகொடுப்பது அரிது. மலையேற்றும் முன்பே அதைச் சரியாகச் சோதித்துவிட வேண்டும். இன்றைய பேனல் ஆன்டெனாவின் அடியில் கேபிள் பூட்டும் போர்ட்டுகள் எட்டு, பன்னிரண்டு என்று இருக்கும். பல சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்த 5ஜி மாசிவ் மைமோ வரிசைகளில் 64 கூட உண்டு. ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு அலை திரும்புகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு கசிகிறது என்று அளப்பது நெட்வொர்க் அனலைசரின் வேலை.

இரண்டு போர்ட் கருவியைக் கொண்டு 64 போர்ட்டையும் முழுதாக அளக்க, 2016 ஜோடிகளை மாற்றி மாற்றிப் பூட்ட வேண்டும். கனெக்டர் தேயும், கேபிள் வளைந்தால் அலையின் கட்டம் மாறும், காலையில் இருந்த வெப்பநிலை மாலையில் இருக்காது. பல போர்ட் அனலைசரை விற்பவர்கள் வேகத்தையே பேசுகிறார்கள். எல்லா எண்களும் ஒரே பூட்டலில், ஒரே சூழலில் கிடைப்பதுதான் அதன் பெரிய பலம் என்பேன்.

ஆனால் அந்தப் பெயரில் வரும் எல்லாம் ஒரே தரமல்ல. சில, நான்கு போர்ட் கருவிக்கு முன்னால் சுவிட்சுகளை அடுக்கிப் போர்ட்டைப் பெருக்குகின்றன. விலை குறையும், சுவிட்சில் ஏற்படும் இழப்பால் மெல்லிய கசிவு இரைச்சலில் புதைந்துவிடும். ரோடே அண்ட் ஷ்வார்ட்ஸின் இசட்என்பிடி8 போன்றவற்றில் 24 போர்ட் வரை ஒவ்வொன்றுக்கும் தனி ரிசீவர் உண்டு. ஒன்றில் அலையைச் செலுத்தினால் மற்றவை அனைத்தும் ஒரே சமயத்தில் அளக்கும்.

இதன் பலவீனம் கேலிபரேஷன், அதாவது அளப்பதற்கு முன் கருவியைச் சீராக்குவது. 24 போர்ட்டிலும் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று ஒப்பீட்டுத் துண்டுகளைப் பூட்ட 72 முறை. போர்ட்டுகளைத் தமக்குள் இணைக்கக் குறைந்தது 23 முறை. தானியங்கிப் பெட்டி இந்தச் சுமையைக் குறைக்கும், விலையைக் கூட்டும். அலுத்துப்போய்ப் பழைய கேலிபரேஷனிலேயே அளந்தாலும் திரையில் அழகான கோடுதான் வரும். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதே அபாயம்.

ஆன்டெனாவில் எட்டு போர்ட் என்றால், இரண்டு போர்ட் கருவிக்கும் 28 ஜோடிகள்தான். சும்மா இருக்கும் போர்ட்டுகளில் பூட்டும் லோடின் குறையைக் கணக்கால் திருத்தும் முறையை டிப்பெட், ஸ்பெசியாலே என்ற ஆய்வாளர்கள் 1982இலேயே தந்துவிட்டார்கள். கல்லூரி ஆய்வகத்துக்கு இரண்டு போர்ட் கருவியே போதும். பெரிய கருவிகள் பொதுவில் இருக்கட்டும்: 2022 மே 17 அன்று தொடங்கப்பட்ட, சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம் அப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

மில்லிமீட்டர் அலையில் பல போர்ட் அனலைசரின் எல்லை வந்துவிடுகிறது. அங்கே ஆன்டெனாவும் சிப்பும் ஒரே பலகையில் இணைந்திருப்பதால் பூட்டுவதற்குப் போர்ட்டே இருக்காது. எதிரொலி இல்லாத அறையில், காற்றின் வழியாகத்தான் அளந்தாக வேண்டும். 64 போர்ட் வரிசையையும் ரேடியோவோடு சேர்த்து மூடும் முன்புதான் இந்த அனலைசரால் தொட முடியும். மூடிய பிறகு முளைக்கும் கோளாறைப் பிடிக்க அந்த அறைக்கே போக வேண்டும்.