பதினாயிரம் ரூபா ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

நாட்டின் செல்வம் பெருகுதல் வேறு. பெருகிய செல்வம் குடிகள் யாவரையும் சென்றடைதல் வேறு. பின்னதை ஆராய்ந்தறியும் பொருட்டு வளர்முக நாடுகளிற் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேராராய்ச்சிகள் பல நடந்துள்ளன. அவற்றுள் இலங்கையிலேயே நிகழ்ந்து உலகப் பொருளியலாரால் எடுத்தாளப்படும் ஒன்றை, லிங்கநகரில் வாழும் நமக்கு அது எவ்வளவு பொருந்தும் என்னும் நோக்கோடு ஈண்டு மதிப்பிட விரும்புகின்றோம்.

2004 மார்கழிக் கடற்கோளுக்கு அடுத்த ஆண்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் த மெல், உலக வங்கியின் டேவிட் மக்கென்சி, கலிபோர்னியாவின் கிறிஸ்தோபர் வூட்ரப் ஆகிய மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களிற் கூலியாள் எவரும் இன்றி நடக்கும் சிறு கடைகளையும் கைத்தொழில்களையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர். நிலமும் கட்டடமும் நீங்கலாக ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாத முதலுடையனவே தெரியப்பட்டன. திருவுளச்சீட்டு முறையில் அவர்களுட் சிலருக்கு 10,000 ரூபாவும் சிலருக்கு 20,000 ரூபாவும், பணமாகவேனும் பொருளாகவேனும், திருப்பித் தரவேண்டாக் கொடையாக அளிக்கப்பட்டன. மும்மாதத்துக்கு ஒருமுறையாக ஒன்பது முறை சென்று கணக்குக் கேட்டனர். 408 தொழில்களைக் கொண்டு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு, இத்தகைய தொழிலில் இட்ட முதல் திங்களொன்றுக்கு நூற்றுக்கு 4.6 முதல் 5.3 வரை ஆதாயம் தருகின்றது என்பதாம். சந்தையில் நிலவிய வட்டியினும் இது மிகப் பெரிது.

திருவுளச்சீட்டின் பெருமையை ஒரு சொல்லேனும் கூறாமற் செல்லுதல் நேர்மையன்று. கடன் பெற்றவன் முன்னேறினான் எனின், கடன் அவனை முன்னேற்றியதா, முன்னேறத் தக்கவனே கடன் கேட்கத் துணிந்தானா என்பது விளங்காது. சீட்டு ஆளின் திறமையை அறியாது; ஆதலின் பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே பின்னர்த் தோன்றும் வேறுபாட்டைப் பணத்தின் விளைவென்று துணியலாம். பயன் பெற்றோரின் நிழற்படங்களால் நிரம்பிய திட்ட அறிக்கைகள் பலவற்றுக்கும் இவ்வாராய்ச்சிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

எனினும், அடுத்த ஆண்டில் அதே மூவர் வெளியிட்ட இரண்டாவது கட்டுரையே நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது. ஆண், பெண் எனப் பிரித்து நோக்கியபோது ஆடவரின் ஆதாயம் திங்களுக்கு நூற்றுக்கு 9-க்கு மேல். பெண்டிரின் ஆதாயம் சராசரியிற் சுழியம்! முதற் கட்டுரையின் ஐந்து என்னும் எண், ஒன்பதும் சுழியமும் கலந்த கலவை என்பது அப்போதே புலனாயிற்று. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் ஆடவரின் தொழில்களே நிலைத்தும் மிகுதியாக ஈட்டியும் நின்றன என 2012-இல் எழுதினர். இதனை மறையாது வெளியிட்டமைக்கு அவர்களைப் பாராட்டவேண்டும்.

சுழியத்தின் காரணம் யாது? திறமைக் குறைவோ துணிவின்மையோ அன்று என்பதை அவர்களே காட்டினர். பெண்டிர் பெரும்பாலும் கருவிகளிற் பணத்தை இட்டனர்; ஆடவர் சரக்கில் இட்டனர். விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் லிங்கநகர்ப் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். புதிய உரலும் மேலும் பத்துத் தட்டுகளும் அவள் வாங்கலாம். வாங்கி உண்போர் தொகை அதனாற் கூடிவிடாது. ஆயினும் ஒரே வகைத் தொழிலிலும் பெண்டிர் ஆதாயம் குறைந்தே காணப்பட்டமையின், சந்தை ஒன்றே காரணமாகாது. சிறு கொடையிற் பெரும்பங்கு தொழிலிலேயே தங்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். இங்கேதான் நாம் அவர்களோடு மாறுபடுகின்றோம். தொழிலின் ஏட்டை மட்டும் நோக்குவோர்க்கு அப்பணம் கசிந்துபோனது. அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிப் புத்தகத்துக்கும் அது சென்றிருப்பின், யாவரையும் அணைக்கும் வளர்ச்சியை ஆராய்வோர்க்கு அது கசிவன்று. ஆராய்ச்சிப் பொருளே அது. போரிற் கணவனை இழந்து தானே குடும்பத்தைத் தாங்குபவளுக்கு வீட்டு முதலும் தொழில் முதலும் ஒரே முடிச்சில் அன்றோ இருக்கின்றன?

வறியரும் திறன்மிக்கோருமாகிய பெண்டிருட் சிறு தொகுதியினர் முதல் பெற்றாற் பயனடையக்கூடும் என அக்கட்டுரை குறிப்பாற் கூறுகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் அச்சிறு தொகுதி எவ்வளவு பெரிது என்று எவரும் இம்முறையாற் சோதித்துப் பார்த்திருப்பின் எத்துணை நன்று! அவர்களே பின்னர்ப் பெண்டிருக்கென நடத்திய தொழிற்பயிற்சிச் சோதனையும் கொழும்பையும் கண்டியையும் சூழ்ந்தே அமைந்தது. கடற்கோள் திருகோணமலைக் கரையையும் அழித்தது. ஆயின் 2006 ஆடியில் மாவிலாற்றுப் பிணக்கோடு போர் மூண்ட மாவட்டத்தில் மும்மாதத்துக்கொருமுறை கணக்குக் கேட்டல் எவர்க்கும் இயலாது. ஆராய்வோரைக் குறை கூறவில்லை. அமைதியான இடத்தில் அளந்த சுழியமும் ஒன்பதும் நமக்குரிய எண்கள் அல்ல என்கின்றோம், அவ்வளவே.

இதனால் நேர்ந்த கேடு ஏட்டளவில் நின்றதன்று. முதல் மிகுந்த ஆதாயம் தரும் என்னும் பொதுவுரை எங்கும் பரவியது. பெண்டிர்க்குத் தரவில்லை என்னும் நுண்ணுரை பரவவில்லை. நுண்கடன் நிறுவனங்கள் வாரந்தோறும் தவணை கேட்டு நின்றது பெரிதும் பெண்டிர் வாயிலில். வரட்சியால் நலிந்த மாவட்டங்களின் பெண்டிர் பெற்ற, ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை அரசு 2018-இல் தள்ளுபடி செய்ய முன்வந்ததே நிலைமையின் கடுமைக்குச் சான்று.

திருகோணமலைக்கு வந்த ஆராய்ச்சியும் ஒன்றுண்டு. பிரித்தானிய அரசின் உதவியோடு இலண்டன் நிறுவனமொன்று நடத்திய பன்னாட்டு வாழ்வாதார ஆராய்ச்சியிற் கொழும்பின் வறுமை ஆராய்வு நிலையம் பங்குகொண்டு, யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மாவட்டங்களின் குடும்பங்களை 2012-இல் வினவி, 2015-இல் அக்குடும்பங்களையே மீண்டும் நாடியது. உணவு முட்டுப்பட்டபோது என் செய்தீர், வீட்டிற் பொருள் யாவை, அரசு அலுவலர் செவிசாய்த்தனரா என்றெல்லாம் கேட்டது. வீட்டை நோக்கியமையால் தென்மாவட்ட ஆராய்ச்சி விட்டதை இது பிடித்தது. கொடையும் சீட்டும் இன்மையால் எதனால் எது விளைந்தது என்பதை இதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒன்றன் முறையும் மற்றதன் இடமும் இன்னும் ஒருங்கு சேரவில்லை.

சேர்க்க விழைவோர் முதலிலே தொகையைத் திருத்தவேண்டும். 2005-இற் பதினாயிரம் ரூபா ஏறத்தாழ 100 டொலர்; 2022-இல் டொலர் 350 ரூபாவைக் கடந்தபோது அது 30 டொலருக்கும் குறைந்தது. அடுத்து, தொழிற் கணக்கோடு வீட்டுச் செலவையும் ஓராண்டு எழுதிப் பெறவேண்டும். உயர்தர வகுப்பின் பொருளியல் மாணவர் பதின்மர், தத்தம் அயலில் ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு கொப்பி எனத் தொடங்கினால் இதற்குக் கொழும்பின் அனுமதியும் வேண்டியதில்லை.